தலைப்பைக் குறுக்கு, தலையை நிமிர்த்து

உன் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தே தீர வேண்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? உன் நெறியாளர், குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி கேட்பது அவ்வளவுதான். இந்த மூன்று பேரை நினைத்தா வருடக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்? கைடின் பெயர் செல்போன் திரையில் வந்தால் வயிறு கலங்குகிறது. ஊர்க் கல்யாணத்தில் “இன்னும் முடிக்கலையா?” என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பந்தியில்கூட உட்காராமல் மொய் எழுதிவிட்டு நழுவி வருகிறாய். போதும். நிமிர்ந்து உட்கார். உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

உனக்கு அறிவு போதாது, ஆங்கிலம் போதாது, நல்ல கல்லூரியில் படிக்கவில்லை, வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. இதெல்லாம்தான் காரணம் என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஒன்றுகூடக் காரணம் இல்லை. உன் தலைப்பு பெரியது. அதுதான் உன்னை நடுங்க வைக்கிறது.

“தமிழ்நாட்டில் நீர் மேலாண்மை” என்று பதிவு செய்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். கமிட்டியில் ஒருவர் கல்லணையைப் பற்றிக் கேட்பார். இன்னொருவர் முல்லைப் பெரியாறு என்பார். மூன்றாமவர் காவிரித் தீர்ப்பாயத்தை இழுப்பார். ஒவ்வொன்றுக்கும் வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நீ எல்லாவற்றிலும் அரைகுறை. கை நடுங்காமல் என்ன செய்யும்?

அதையே வெட்டு. தமிழ்நாட்டை வெட்டி மதுரை மாவட்டம் ஆக்கு. மாவட்டத்தை வெட்டி ஒரே ஒரு கண்மாய் ஆக்கு. அந்தக் கண்மாயின் மடைகளில் 1980-க்குப் பிறகு தண்ணீர்ப் பங்கீடு எப்படி மாறியது, அவ்வளவுதான் உன் கேள்வி. இப்போது பார். எந்த மடைக்கு எத்தனை ஏக்கர் பாசனம், எந்த வருடத்து வெள்ளத்தில் கலுங்கு உடைந்தது, நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் நெல்லாக அளந்துகொடுத்த கூலி எப்போது நின்றது, நின்ற பிறகு மடையைத் திறந்தது யார், ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் வரத்துக்கால்வாய் தூர்வார ஆள் அனுப்புவதை எப்போது விட்டார்கள், மீன் ஏலப் பணம் யார் கைக்குப் போகிறது, இத்தனையும் உனக்குத் தெரியும். பாசனப் பரப்பு 40 ஹெக்டேரைத் தொட்டால் கண்மாய் அரசின் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. இந்த ஒரு கோடு உன் கண்மாயின் தலையெழுத்தை எப்படி மாற்றியது என்பதும் உனக்குத்தான் தெரியும். துணைவேந்தருக்குத் தெரியாது. புறத்தேர்வாளருக்குத் தெரியாது. உன் நெறியாளருக்குக்கூட நீ சொல்லித்தான் தெரிய வேண்டும். அந்தக் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு நீ ஏன் நடுங்க வேண்டும்?

தன்னம்பிக்கையைக் கண்ணாடி முன்னால் நின்று கத்தி வரவழைக்க முடியாது. “என்னால் முடியும்” என்று நோட்டில் நூறு முறை எழுதினாலும் வராது. ஒரு சின்ன விஷயத்தை அடிவரை தோண்டியவனுக்கும் தோண்டியவளுக்கும் அது கேட்காமலே வரும்.

சின்னக் கேள்வி என்றால் சின்ன ஆய்வு என்று முகம் சுளிக்காதே. மில்மன் பாரி என்ற அமெரிக்க இளைஞர் 1928-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தார். ஹோமரின் காவியங்கள் என்ற பெருங்கடலில் அவர் எடுத்துக்கொண்டது அடைமொழிகளை மட்டும். அக்கிலீஸ் பெயருக்கு முன்னால் ஏன் திரும்பத் திரும்ப ‘விரைந்த காலுடைய’ என்று வருகிறது? அவன் உட்கார்ந்திருக்கும்போதும் அதே அடைமொழி ஏன்? இப்படி ஒவ்வொரு அடைமொழியாக எடுத்து, யாப்பில் எந்த இடத்தை நிரப்ப எது வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். எண்ணி எண்ணிப் பார்க்கிற வேலை. குமாஸ்தா வேலை என்றுகூட யாராவது கேலி செய்திருக்கலாம். அந்த வேலையிலிருந்து வந்த முடிவு, இது ஒரு தனிப் புலவர் புதிதாகப் புனைந்த நடை அல்ல, தலைமுறை தலைமுறையாகப் பாணர்கள் கைமாற்றிய நடை என்பது. பிறகு யூகோஸ்லாவியாவுக்குப் போய், உயிரோடு பாடிக்கொண்டிருந்த பாணர்களைப் பதிவு செய்தார். 1935-இல் இறந்தபோது அவருக்கு வயது 33. ஹோமர் ஆய்வு அவருக்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. இலங்கையிலிருந்து க. கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். நெறியாளர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்க இலக்கிய அறிஞர். சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் அடைமொழிகளையும், பாரி ஹோமரைப் பார்த்த கண்ணால் கைலாசபதி பார்க்கிறார். அந்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாணர் மரபில் பிறந்தவை என்ற அவர் வாதத்தை ஏற்காதவர்கள் பலர் உண்டு. இன்றும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். மறுக்க வேண்டுமானாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது என்பதைக் கவனி. உன் ஆய்வேடு கடைசித் தீர்ப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாதாடத் தகுந்த ஒன்றைச் சான்றோடு வை, போதும்.

இங்கே நம் ஊர் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘இன்னாரின் நாவல்களில் சமுதாயப் பார்வை’, ‘இன்னாரின் சிறுகதைகளில் பெண்ணியம்’. ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு ஓடும் தலைப்புகள். முதல் இயல் ஆசிரியர் வரலாறு, இரண்டாவது கதைச் சுருக்கம், மூன்றாவது பாத்திரங்கள். இதில் கேள்வி எங்கே? கேள்வி இல்லாத இடத்தில் பதில் எப்படி வரும்? உன் தலைப்பின் முடிவில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுப் பார். போட முடியவில்லையா, அது தலைப்பே இல்லை. அச்சடித்த படிவத்தில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். உன் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டுகிற தாளில் கேள்விக்குறி இருக்க வேண்டும். கேள்வி கிடைத்ததும் சோத்கங்காவைத் திற. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் காசில்லாமல் கிடைக்கிற இடம். உன் கேள்வியை ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று ஒரு வாரம் செலவழித்துத் தேடு. கேட்டிருந்தால் அழாதே, அவர் நிறுத்திய இடம் எது என்று பார்.

சான்று தேடிப் போ. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையாசையாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் விளம்பர நோட்டீஸ்களும் அதற்கு அஸ்திவாரம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சாவூரில் சரசுவதி மகால், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ தளமும் வீட்டுக்கே வருகின்றன. கண்மாய்க்காரருக்கு அதைவிடப் பக்கத்தில் புதையல்: கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடும் அடங்கலும் புல வரைபடமும். “நமக்கெல்லாம் காட்டுவார்களா?” என்று வாசலில் தயங்கி நிற்காதே. துறைத்தலைவரிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போ. இன்று இல்லை என்றால் நாளை போ. நாளையும் இல்லை என்றால் நாளை மறுநாள் போய் அதே பெஞ்சில் உட்கார். கடைசியில் அலமாரிச் சாவி வரும்.

சாவி வந்ததும் பரபரப்பில் பக்கங்களை மட்டும் படமெடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே. முதல் படம் கட்டின் மேலட்டை, கட்டு எண் தெரியும்படி. அடுத்தது தலைப்புப் பக்கம். அப்புறம்தான் உள்ளே. எடுத்த அன்றைக்கு இரவே அந்தப் படங்களுக்கு எண்ணும் தேதியும் வைத்துப் பெயரிடு. இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்துக் கையில் அருமையான ஒரு சான்று இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று எழுத முடியாமல் அடிக்குறிப்பு காலியாக நிற்கும். மூலம் தெரியாத சான்றும் இல்லாத சான்றும் ஆய்வேட்டில் ஒன்றுதான். களத்தில் பெரியவரிடம் பேசினால் அவர் வயது, ஊர், தேதி, பதிவு செய்ய அவர் கொடுத்த சம்மதம், நான்கையும் குறி. பேட்டியை அன்றைக்கே எழுது. மறுநாள் எழுதினால் அவர் சொன்னது பாதி, நீ நினைத்தது பாதி என்று கலந்துவிடும்.

இனி எழுத்து. இங்கேதான் படை முழுவதும் சாய்கிறது. “இன்னும் நாலு புத்தகம் படித்துவிட்டு எழுதுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவர் பயப்படுகிறார் என்று பொருள். படிப்பு அவருக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம். எழுத உட்கார்ந்தால்தான் எது தெரியாது என்பதே தெரியும். மூன்று பக்கம் எழுதும்போது ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கும். ‘அக்காலத்தில் மடை முறை வழக்கில் இருந்தது’ என்று எழுதிவிட்டு, எக்காலத்தில் என்று நீயே கேட்பாய். அதற்குத்தான் அந்த நாலு புத்தகம். அப்போது படி. நாற்பது பக்கம் போதும், நானூறு வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜோன் போல்கர் என்பவர் 1998-இல் ஆய்வேடு எழுதுவோருக்காக ஒரு புத்தகம் போட்டார். தினம் பதினைந்து நிமிடத்தில் ஆய்வேடு எழுதுவது எப்படி என்ற பொருளில் தலைப்பு. கொஞ்சம் வியாபாரத் தலைப்புதான். ஆனாலும் விஷயத்தில் உண்மை இருக்கிறது: தினமும் கொஞ்சம் எழுதுகிறவர் முடிப்பார், விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். விடியற்காலை ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள். செல்போனை வேறு அறையில் வை. முன்னுரையை எழுதாதே; அது கடைசியில் எழுத வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாசலில் என்ன அறிவிப்பாய்? உனக்கு எது நன்றாகத் தெரியுமோ அந்த இயலைத் தொடங்கு. மோசமாக எழுது. ஆமாம், மோசமாக. மோசமான பத்துப் பக்கத்தைத் திருத்தலாம். வெறுந்தாளைத் திருத்த உலகத்தில் எந்த நெறியாளராலும் முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கையால் எழுதி டைப்பிங் சென்டரில் கொடுக்கிற பழக்கத்தை இன்றோடு விடு. அங்கே அவர்கள் எந்த எழுத்துருவில் அடித்தார்களோ, அதை இன்னொரு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஒற்றுப் பிழை ஒன்றுக்காக ஒரு நாள் அலைவாய். யூனிகோடில் நீயே தட்டச்சு செய்யக் கற்றுக்கொள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை ஓடும். துணைநூற்பட்டியலை ஜோட்டீரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவை. கோப்பை மூன்று இடங்களில் வை. ஒன்று மின்னஞ்சலில் இருக்கட்டும்.

திருடாதே. பெரிய நீதி ஒன்றும் சொல்ல வரவில்லை, கணக்கைச் சொல்கிறேன். மானியக் குழுவின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை, குறிப்பெடுக்கும் மேசையில் நடக்கிறது. பிறர் வாக்கியத்தை மேற்கோள் குறி போடாமல் நோட்டில் எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து அது உன் வாக்கியம் போலவே உனக்குத் தோன்றும். பிறர் சொல்லைச் சிவப்பு மையில் எழுது, உன் சொல்லை நீலத்தில் எழுது. தொல்லை தீர்ந்தது. சாட்ஜிபிடியிடம் துணைநூற்பட்டியல் கேட்காதே. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் சேர்த்துத் தருகிற தைரியம் அதற்கு உண்டு. ‘ஆய்வேடு எழுதித் தரப்படும்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பக்கம் திரும்பியும் பார்க்காதே. காசு கொடுத்து வாங்கிய ஏட்டை வைவாவில் திறக்கும்போது, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நிற்கிற அவமானத்தை எந்தப் பட்டமும் துடைக்காது.

கைடு. இந்த ஒரு சொல்லில் எத்தனை பேரின் கண்ணீர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அவர் பக்கமும் பார். பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வழிநடத்தலாம் என்கிறது விதி. உனக்கு ஒரு கைடு. அவருக்கு நீ எட்டில் ஒருத்தியாக இருக்கலாம். வெறுங்கையோடு போய் “சார், என்ன பண்ணலாம்?” என்று நின்றால் அவர் என்ன சொல்வார்? இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போ. மேலே மூன்று கேள்வி எழுது: இந்தச் சான்று போதுமா, இந்த வாதம் நிற்குமா, இந்த இயலை இங்கே முடிக்கலாமா. பேசி முடித்த அன்றே “நீங்கள் சொன்னபடி இன்னின்ன திருத்துகிறேன், ஐயா” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பு. ஆறு மாதம் கழித்து “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்ற பேச்சு வராது.

மின்சாரக் கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் உன்னை அனுப்புகிறாரா? ஒரு முறை உதவி, இரண்டாம் முறை பழக்கம், மூன்றாம் முறை உன் வேலை. இரண்டாம் முறையே “இயல் எழுதிக்கொண்டிருக்கிறேன் ஐயா, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்” என்று சொல்லப் பழகு. குரல் தாழ்ந்திருக்கட்டும், முதுகு நிமிர்ந்திருக்கட்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வுக் குழுவின் முன்னால் உன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று விதியில் இருக்கிறது. பலரும் அதைக் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். நீ முடிக்காதே. எழுதியதை வை, குழு சொன்னதை எழுத்தில் வாங்கு. முடங்கிய ஆய்வை நகர்த்த உன் கையில் இருக்கிற ஆயுதம் அந்தத் தாள்தான். பல்கலைக்கழக விதிநூலையும் ஒரு முறை நீயே படி. கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது; உன் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கிறதா என்பதை அடுத்த மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. காசு வாங்கிக்கொண்டு வாரத்தில் கட்டுரை போடும் பத்திரிகைகள் இந்த அறியாமையில்தான் பிழைக்கின்றன.

வருடம் போய்விட்டதா? குழந்தை பிறந்தது, அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகச் செய்கிறாய். தெரியும். பதிவு செய்த நாளிலிருந்து ஆறு வருடம், மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் உடற்குறை உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை. தங்கச்சி, இது யாரும் போடும் பிச்சை இல்லை, விதியில் எழுதியிருக்கிற உன் உரிமை. விண்ணப்பத்தை நீட்டு, தலையைக் குனியாதே. குயின் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, சூரியனைச் சுற்றியுள்ள தூசு மண்டலத்தைப் பற்றிய தன் ஆய்வை 1974-இல் பாதியில் விட்டார். 2007-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முடித்தார். நடுவில் அவர் உலகம் சுற்றிக் கொண்டிருந்தார் என்பது வேறு கதை. நம் விதி அவ்வளவு காலம் தராது. அதனால் நீ இன்னும் கொஞ்சம் சீக்கிரம்.

கடைசியில் வைவா. சால்வை, பழத்தட்டு, தேர்வாளருக்கு ஓட்டல் அறை, துறைக்கே பிரியாணி என்று கடன் வாங்கிச் செலவு செய்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். உதவித்தொகையே நேரத்துக்கு வராத பிள்ளையின் தலையில் இந்தக் கல்யாணச் செலவு எதற்கு? தேநீர் போதும். அந்தப் பணத்துக்கு உன் கண்மாய்க்கு இன்னொரு முறை போய் வா.

மேடையில் நிற்கும்போது பவர்பாயிண்டைப் பார்த்துப் படிக்காதே. தேர்வாளர் அறிக்கையில் எழுப்பிய கேள்விகள் முன்பே உன் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்த இயல், எந்தப் பக்கம் என்று குறித்துவைத்திரு. தெரியாததைக் கேட்டால் “இது என் ஆய்வெல்லைக்கு வெளியே இருக்கிறது, ஐயா” என்று சொல். தலைப்பைக் குறுக்கி வைத்ததால்தான் அந்த வாக்கியத்தை உன்னால் வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறது. எல்லைக்கு உள்ளே கேட்டால் விடாதே. எந்த மடை, எந்த வருடம், எந்தப் பதிவேடு என்று அடுக்கு. அவர் மறுத்தால் சான்றைக் காட்டு. அவர் சொல்வது சரி என்றால் அங்கேயே ஒப்புக்கொண்டு குறித்துக்கொள்; திருத்தத்தைக் கேட்ட நாளுக்குள் முடித்துக் கொடு.

அதன் பிறகு உன் ஏடும் சோத்கங்காவில் ஏறும். அடுத்து அந்த வட்டாரத்துக் கண்மாய்களைப் பற்றி எழுத வருகிறவர் யாராக இருந்தாலும், உன் அடிக்குறிப்புகளைப் புரட்டாமல் தாண்டிப் போக முடியாது. தவறு இருந்தால் சுட்டிக் காட்டுவார். காட்டட்டும்.